பிஎச்டி விண்ணப்பம்: டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவே

டிசம்பர் 15, இரவு பதினொன்றரை. கடைசி விண்ணப்பத்தையும் சமர்ப்பித்தாயிற்று, கட்டணம் போன ரசீதும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அதுவரை மூன்று நான்கு மாதமாக ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. எஸ்ஓபியை (எதை, ஏன் ஆராய விரும்புகிறோம் என்று எழுதும் நோக்க அறிக்கை) மறுபடி திருத்தலாம், பரிந்துரைக் கடிதம் தர ஒப்புக்கொண்ட பேராசிரியருக்குச் சங்கடத்தோடு இன்னொரு நினைவூட்டல் அனுப்பலாம், எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை பக்கம் கேட்கிறது என்று எக்செல்லில் கட்டம் போட்டு நிறம் அடித்துக்கொண்டிருக்கலாம். இனி ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால் பதில் ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், சில இடங்களிலிருந்து ஏப்ரல் தாண்டியும் வராமல் போகலாம். இந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தை ஆள் தன்னைப் பற்றிய சந்தேகத்தால் நிரப்பிக்கொள்வார், அது மனித இயல்பு.

ஆனால் அந்த நான்கு மாதத்தில் உங்கள் கோப்புக்கு நடப்பதில் கணிசமான பகுதி உங்களைப் பற்றியதே கிடையாது. மீதி உங்களைப் பற்றியதுதான், அதை மறுக்கவும் வேண்டாம். "எல்லாம் லாட்டரி" என்று சொல்கிறவர்களும் தவறு, "தகுதி இருந்தால் கிடைக்கும்" என்று சொல்கிறவர்களும் தவறு. எது எதனால் நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் காத்திருப்பு சுகமாகிவிடாது, ஆனால் ஒரு வரி நிராகரிப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு "எனக்கு ஆராய்ச்சியே சரிப்படாது" என்கிற அளவுக்குப் போகாமல் இருக்கலாம்.

முதலில் இடங்களின் எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் பலருக்கும் தெரியாத பகுதி இதுதான். அமெரிக்காவில் பெரும்பாலான முழுநேர பிஎச்டி படிப்புகளில் மாணவர் பணம் கட்டுவதில்லை. கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளம் போல ஒரு ஸ்டைபண்டும் தந்து, நான்கைந்து வருடம் தாங்குவதாகத் துறை வாக்குக் கொடுக்கிறது. அதாவது ஒரு மாணவரைச் சேர்ப்பது பல வருடத்துக்கான செலவுக் கணக்கு. ஒரு துறைக்குப் பத்து பேர் வேண்டும், வழக்கமாக அழைப்பு அனுப்பினால் பாதிப் பேர்தான் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு அனுப்புகிறார்கள். ஒரு வருடம் எதிர்பாராமல் பதினான்கு பேர் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். கொடுத்த வாக்கை மாற்ற முடியாது, அந்தப் பதினான்கு பேரையும் தாங்கியாக வேண்டும். விளைவு, அடுத்த வருடம் ஆறு இடம்தான். அந்த அடுத்த வருடத்தில் விண்ணப்பித்தவருக்கு இது எதுவும் தெரியாது. முந்தைய வருடம் அதே தரத்தில் விண்ணப்பித்த சீனியருக்குக் கிடைத்தது, தனக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான் தெரியும். நிராகரிப்புக் கடிதத்தில் "போன வருடம் எங்கள் கணக்கு தப்பிவிட்டது" என்று எந்தத் துறையும் எழுதுவதில்லை.

இது சிறிய அளவு. பெரிய அளவிலும் நடக்கிறது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, ஏற்கெனவே இருக்கும் மாணவர்களைத் தாங்குவதற்காக மானுடவியல், வரலாறு, இலக்கியம் போன்ற பல துறைகள் 2021க்கான பிஎச்டி சேர்க்கையையே நிறுத்தின. 2024 நவம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகம் கலை, சமூக அறிவியல் சார்ந்த பத்துக்கும் மேற்பட்ட பிஎச்டி திட்டங்களுக்கு அடுத்த ஆண்டு ஆள் எடுப்பதில்லை என்று அறிவித்தது. மாணவர்-ஊழியர் தொழிற்சங்கத்தோடு போட்ட புதிய ஒப்பந்தத்தால் செலவு கூடியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2025 பிப்ரவரி 7 அன்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், ஆராய்ச்சி மானியங்களோடு பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மறைமுகச் செலவுத் தொகைக்கு (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கானது) 15 சதவீத உச்சவரம்பு வைப்பதாகச் சொன்னது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடைபட்டாலும், அதற்குள் பல பல்கலைக்கழகங்கள் பயந்துபோய்ச் சேர்க்கையைக் குறைத்தன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பிஎச்டி சேர்க்கையைக் கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி அதே ஆண்டு மார்ச்சில், உயிர்மருத்துவ அறிவியல் சேர்க்கையில் ஏற்கெனவே கொடுத்த அழைப்புகளைத் திரும்பப் பெற்றது. அழைப்பு கைக்கு வந்த பிறகு! இதில் எந்த விண்ணப்பதாரரின் எஸ்ஓபி சரியில்லை என்று யோசிப்பது?

துறைக்கு உள்ளே போனாலும் இதே கதைதான். நீங்கள் பெயர் குறிப்பிட்ட பேராசிரியரின் மானியம் புதுப்பிக்கப்படாமல் போயிருக்கலாம். போன வருடமே இரண்டு மாணவர்களை எடுத்திருக்கலாம். அடுத்த வருடம் பாடம் எடுக்காமல் ஆராய்ச்சிக்காக எடுக்கும் சபாட்டிகல் விடுப்பில் இருக்கலாம், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகப் பேசிக்கொண்டிருக்கலாம், அதை அவர் சக ஊழியர்களிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். இதில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே விஷயம், இந்த ஆண்டு அவர் ஆள் எடுக்கிறாரா என்பது. பலர் தங்கள் சொந்த இணையப் பக்கத்திலேயே அதை எழுதி வைக்கிறார்கள். இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபரில் நான்கு வரி மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பதில் வராவிட்டால் அதற்கு அர்த்தம் தேட வேண்டாம், அவர்களுடைய இன்பாக்ஸ் அப்படி.

இப்போது கமிட்டி, அதாவது விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர் குழு. ஒரு துறைக்கு முந்நூறு விண்ணப்பம் வந்திருக்கிறது, கமிட்டியில் ஐந்தாறு பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர்களுக்கு இது முழுநேர வேலை இல்லை. ஜனவரியில் புது செமஸ்டர் தொடங்கியிருக்கும், பாடம் எடுக்க வேண்டும், மானிய விண்ணப்பம் எழுத வேண்டும், அதற்கு நடுவே மாலையிலும் வார இறுதியிலும் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் படித்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது பரவலான முறை. முதல் சுற்றில் ஒரு கோப்புக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். என்ன படித்திருக்கிறார், எங்கே படித்திருக்கிறார், யார் கடிதம் எழுதியிருக்கிறார், எஸ்ஓபியின் முதல் பக்கம், அவ்வளவுதான். இரண்டு பேரும் 5 போட்டவை மேலே போகும், இரண்டு பேரும் 2 போட்டவை கீழே போகும், அதில் பெரிய சர்ச்சை வராது. சிக்கல் நடுவில்தான். ஒருவர் 5, இன்னொருவர் 3 போட்ட கோப்புகள் நாற்பது ஐம்பது இருக்கும், மிச்சம் இருப்பது நான்கைந்து இடம். அந்தக் கட்டத்தில் "இவர் செய்ய நினைப்பது என் வேலைக்கு நெருக்கமாக இருக்கிறது, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் கோப்பு மேலே நகரும். அப்படிச் சொல்லக்கூடியவர் அந்த வருடம் கமிட்டியில் இல்லையென்றால், சொல்ல ஆள் இல்லாமல் அதே கோப்பு அங்கேயே கிடக்கும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களில் மோசமானவையும் உண்டு, ஆனால் இந்த நடுப்பகுதியிலிருந்து விழுந்தவையும் அதே வாசகத்தோடு, அதே கடிதத்தோடுதான் திரும்பி வருகின்றன.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. ஜூலி போசெல்ட் என்ற கல்வி ஆய்வாளர், மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பத்து பிஎச்டி துறைகளின் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து 2016இல் புத்தகமாக வெளியிட்டார், கமிட்டிக் கூட்டங்களிலேயே உட்கார்ந்து கவனித்தும் இருக்கிறார். அவர் பார்த்தவற்றில் இரண்டு விஷயம் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேராசிரியர்கள் தங்களுக்குள் சண்டை வராமல் இருக்க, நீண்ட விவாதத்துக்குப் பதிலாக எண்களையும் சராசரிகளையும் நம்பி முதல் வடிகட்டலை முடித்துவிடுகிறார்கள். அப்புறம், தெரிந்தோ தெரியாமலோ, தங்கள் பாதையைப் போலவே வந்தவர்களிடம் சாய்கிறார்கள். தகுதி என்பது இருக்கிறது, அதை அவர்கள் உண்மையாகவே தேடுகிறார்கள், ஆனால் எது தகுதி என்பதைத் துறைக்குத் துறை, ஆளுக்கு ஆள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். அந்த ஆய்வின் காலத்தில் ஜிஆர்ஈ என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண் பெரிய வடிகட்டி. 2020க்குப் பிறகு ஏராளமான துறைகள் அதைக் கைவிட்டன, பல "விருப்பம் இருந்தால் அனுப்பலாம்" என்று வைத்திருக்கின்றன. அந்த "விருப்பம்" புதிய குழப்பம், அதற்காக ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பரிந்துரைக் கடிதங்கள் இன்னொரு இருட்டு. பொதுவாக மூன்று. 1974ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விப் பதிவுச் சட்டப்படி, சேர்ந்த பிறகு மாணவருக்குத் தன் கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு. அதனால்தான் விண்ணப்பப் படிவத்தில் "இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா" என்று ஒரு கேள்வி வருகிறது. விட்டுக்கொடுத்துவிடுவதுதான் வழக்கம். மாணவர் படிக்கப் போகிறார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தைக் கமிட்டி அவ்வளவாக நம்பாது. ஆக, உங்கள் தலையெழுத்தை ஓரளவு தீர்மானிக்கும் மூன்று பக்கங்களை நீங்கள் ஒருபோதும் படிக்கப் போவதில்லை. செய்ய முடிந்தது, யாரிடம் கேட்பது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது மட்டும். உங்கள் பெயரை மட்டும் தெரிந்த பிரபல பேராசிரியரைவிட, உங்களோடு ஆறு மாதம் உட்கார்ந்து வேலை பார்த்தவர் எழுதும் கடிதத்தில் சொல்வதற்கு விஷயம் இருக்கும். கேட்கும்போதே "உறுதியாக ஆதரித்து எழுத முடியுமா" என்று கேட்டுவிடுங்கள். தயங்குகிறவருக்கு ஒதுங்கிக்கொள்ள வழி கிடைக்கும், நமக்கும் நல்லது.

இதுவரை சொன்னது அமெரிக்க முறை. மற்ற இடங்களில் நிச்சயமின்மை வேறு உருவத்தில் வருகிறது, இதைத் தெரியாமல் ஒரு நாட்டின் காலண்டரை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டின் மௌனத்தை அளக்கிறவர்கள் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள். பிரிட்டனில் இடம் கிடைப்பது ஒரு முடிவு, பணம் கிடைப்பது தனி முடிவு. பேராசிரியர் சரி சொல்லி, துறை சரி சொல்லி, சேர்க்கைக் கடிதமும் வந்து, நிதி மட்டும் வராமல் நிற்பது அங்கே சர்வசாதாரணம். அரசு ஆராய்ச்சி நிதி அமைப்பான யுகேஆர்ஐ 2021 முதல் தன் முழு உதவித்தொகையை வெளிநாட்டு மாணவர்களுக்கும் திறந்தது, ஆனால் 30 சதவீதம் என்ற வரம்போடு. அந்த வரம்புக்குள் போட்டி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் பிஎச்டி என்பது பெரும்பாலும் வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பம், நேர்காணல், ஒப்பந்தம், சம்பளம். வருடம் முழுக்க இடங்கள் வந்துகொண்டே இருப்பதால் ஒரே மாதத்தில் எல்லாம் முடிவாகும் பதற்றம் இல்லை, அதற்குப் பதில் எப்போது முடியும் என்றே தெரியாத பதற்றம். ஜெர்மனியில் ஒரு பேராசிரியரை நேரடியாக அணுகிச் சேர்வதும் உண்டு, பட்டதாரிப் பள்ளிகள் (பிஎச்டி மாணவர்களுக்கான கட்டமைந்த திட்டங்கள்) வழியாகப் போட்டியிட்டுச் சேர்வதும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்திலேயே இரண்டும் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகளில் (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்டி மாணவர்களை எடுக்கும் திட்டங்கள்) இன்னொரு நிபந்தனை இருக்கிறது. சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நிறுவனம் இருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் விண்ணப்பித்துவிட்டு மூன்று மாதம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விதிமுறைப் பக்கத்தில் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் அந்தக் காத்திருப்பே இருந்திருக்காது.

எத்தனை இடத்துக்கு அனுப்புவது என்ற கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒவ்வொரு இடத்திலும் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்து எட்டு இடத்துக்கு அனுப்பினால், குறைந்தது ஒன்றாவது கிடைக்க 57 சதவீதம் வாய்ப்பு, பன்னிரண்டு இடம் என்றால் 72. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு முடிவும் மற்றதோடு தொடர்பில்லாமல் நடக்கிறது என்று நினைத்துப் போட்டது. நிஜத்தில் எல்லா இடத்துக்கும் போவது அதே மூன்று கடிதம், அதே எழுத்து மாதிரி, கிட்டத்தட்ட அதே எஸ்ஓபி. அதில் ஒரு கடிதம் சப்பென்று இருந்தால் எட்டு இடத்திலும் சப்பென்றுதான் இருக்கும். அதனால் எண்ணிக்கையைக் கூட்டுவதால் வரும் பலன் காகிதத்தில் தெரிவதைவிடக் குறைவு. பட்டியலை வெவ்வேறு மாதிரி ஆக்குவதில்தான் பலன் அதிகம். வெவ்வேறு அளவுத் துறைகள், முடிந்தால் வெவ்வேறு நாடுகள், உங்கள் கேள்வியை வெவ்வேறு கோணத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்கள். பெரிய பெயர்கள் மட்டுமே உள்ள பத்து இடங்கள் அடங்கிய பட்டியல் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கணக்குப்படி கிட்டத்தட்ட ஒரே பந்தயத்தைப் பத்து தடவை கட்டியதற்குச் சமம். ஒவ்வொன்றுக்கும் நூறு டாலர் அளவுக்குக் கட்டணம் வேறு. கட்டண விலக்கு பல பல்கலைக்கழகங்களில் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும், கேட்பதற்கும் பெரும்பாலும் விண்ணப்பக் கெடுவுக்கு முன்பே ஒரு தேதி இருக்கும்.

சரி, அனுப்பியாயிற்று. காத்திருக்கும் மனசுக்கு என்ன ஆகிறது?

2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 45 பேருக்கு ஒரு கணினி விளையாட்டு, திரையில் பாறைகளைப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருந்தால் கையில் லேசான மின்அதிர்ச்சி விழும். எந்த நேரத்தில் அவர்களுக்கு அழுத்தம் அதிகமாக இருந்தது என்று வியர்வை, கண்பாவை அளவுகளை வைத்துப் பார்த்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தில் அழுத்தம் உச்சத்தில் இல்லை. விழலாம், விழாமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்ற நேரத்தில்தான் அது உச்சத்துக்குப் போனது. வெயிட்லிஸ்டில் இருப்பவர்கள் நிராகரிக்கப்பட்டவர்களைவிட மோசமான நிலையில் ஏன் இருக்கிறார்கள் என்பது இதைப் படித்தால் புரிந்துவிடும். மனசு கெட்ட செய்தியைக்கூட வாங்கி எங்காவது வைத்துவிடும், ஆனால் வராத செய்தியை வைக்க அதற்கு இடம் கிடையாது.

இன்னொரு ஆய்வு இதைவிடப் பயனுள்ளது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் உளவியலாளர் கேட் ஸ்வீனியும் குழுவினரும், அந்த மாநில வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நல்லதையே நினைப்பது, கெட்டதுக்குத் தயாராவது, யோசிக்காமல் இருக்கப் பார்ப்பது என்று எதை முயன்றாலும் காத்திருக்கும்போது இருந்த தவிப்பு பெரிதாகக் குறையவில்லை. அதைவிட ஆச்சரியம், அந்த நான்கு மாதம் தவித்தவர்கள்தான், முடிவு வந்தபோது கெட்ட செய்தியை நன்றாகத் தாங்கினார்கள், நல்ல செய்தியில் அதிகம் மகிழ்ந்தார்கள். அமைதியாக இருந்தவர்களுக்குத் தோல்வி இடியாக விழுந்தது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், "கவலைப்படாதே" என்று சொல்கிறவர்களின் வாயை இது அடைக்கிறது. கவலைப்படுவதற்காகத் தனியாக இன்னொரு தடவை கவலைப்பட வேண்டாம். அதே குழுவின் பிந்தைய வேலையில் ஒன்று உதவுவதாகத் தெரிந்தது: நேரம் போவதே தெரியாமல் மூழ்கிப்போகும் வேலை. வெறுமனே கவனத்தைத் திருப்பும் பொழுதுபோக்கைவிட, கொஞ்சம் கடினமாக, ஆனால் கைக்கு எட்டும்படியாக இருக்கும் வேலை. புரோகிராம் எழுதுவது, ஒரு வாத்தியம் பழகுவது, பாதியில் நிற்கும் ஆய்வுக் கட்டுரையை முடிப்பது, எதுவாகவும் இருக்கலாம். கட்டுரை என்றால் இன்னும் நல்லது, அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டி வந்தாலும் அது கையில் இருக்கும்.

விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் இணையப் பக்கமான போர்ட்டலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு உள்நுழைந்து "பரிசீலனையில் உள்ளது" என்ற அதே வரியைப் பார்த்துவிட்டு, அது நேற்றைக்கு வேறு எழுத்துருவில் இருந்ததோ என்று யோசிப்பது. இதில் தகவல் எதுவும் இல்லை. முடிவு போட்டால் பெரும்பாலும் மின்னஞ்சல் வரும், அழைப்பு என்றால் பல சமயம் அதற்கு முன்பே பேராசிரியரே எழுதிவிடுவார் அல்லது கூப்பிடுவார். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அங்கே அலுவலக நேரம் முடிந்த பிறகு பார்த்தால் போதும். முடியவில்லை என்றால் கடவுச்சொல்லை நண்பரிடம் கொடுத்து மாற்றிவிடச் சொல்கிறவர்களும் உண்டு, பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தாலும் வேலை செய்கிறது.

மற்றவர்களுக்கு வந்த முடிவைப் பார்ப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்களுக்கு வராத துறையிலிருந்து இன்னொருவருக்கு அழைப்பு வந்துவிட்டது என்று தெரிந்தால் என்ன அர்த்தம்? உட்பிரிவு வாரியாக, அலை அலையாக முடிவு அனுப்பும் துறைகள் உண்டு, அதனால் முதல் நாளிலேயே துக்கம் கொண்டாட வேண்டாம். ஆனால் உங்கள் உட்பிரிவிலேயே அழைப்புகள் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது, உங்களுக்கு நேர்காணலும் இல்லை, கடிதமும் இல்லை என்றால், பெரும்பாலும் அது இல்லை என்றுதான் அர்த்தம். நிராகரிப்புகளைத் துறை பிப்ரவரியிலேயே தெரிந்து வைத்திருந்தாலும், முறையான கடிதம் பல்கலைக்கழக அலுவலகம் வழியாக மார்ச்சில்தான் வரும். எக்செல் கட்டத்தில் அந்த வரிசையைச் சாம்பல் நிறமாக்கிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஒருவேளை வெயிட்லிஸ்ட் வந்தால் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். இது எதிர்மறைச் சிந்தனை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

அப்புறம் வீட்டில் கேட்பார்கள், நண்பர்கள் கேட்பார்கள், "என்ன ஆச்சு?" அவர்களுக்கு ஒரு தேதி கொடுத்துவிடுவது நல்லது. "ஏப்ரல் நடுவில் நானே சொல்கிறேன், அதற்கு முன்னால் கேட்காதீர்கள்." பாதிப் பேர் கேட்டுவிடுவார்கள், பாதிப் பேர் நிறுத்துவார்கள், அதுவே லாபம்.

மாற்றுத் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதற்கும் தேதிகள் உண்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆராய்ச்சி உதவியாளர் வேலைகள், மாஸ்டர்ஸ் சேர்க்கைகள், இருக்கும் வேலையில் ஒப்பந்தப் புதுப்பிப்பு இதெல்லாம் ஏப்ரல் வரை உங்களுக்காகக் காத்திருக்காது. பிஎச்டி கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால் இரண்டும் கைநழுவும். ஜனவரியிலேயே, காத்திருக்கும்போதே, விண்ணப்பியுங்கள். பிஎச்டி அழைப்பு வந்தாலும்கூட, நிதி விவரம் எழுத்தில் வரும்வரை, விசா கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை விட வேண்டாம். 2025இல் மே கடைசியில் அமெரிக்கா புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவதை மூன்று வாரம் போல நிறுத்தி வைத்தது. அட்மிஷன் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதுவும் ஒரு காத்திருப்பு.

சில துறைகள் "பிஎச்டியில் இடமில்லை, எங்கள் மாஸ்டர்ஸில் தருகிறோம்" என்று எழுதுவார்கள். அதை ஆறுதல் பரிசாக எண்ணி உடனே சரி சொல்லிவிட வேண்டாம். பெரும்பாலும் அது முழுக் கட்டணம் கட்டிப் படிக்கும் இடம், பிஎச்டிக்குப் பாலமாக அமையும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் பிஎச்டிக்குப் போனார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அதுவே பதில்.

எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்று வந்துவிட்டால், தனித்தனிக் கடிதத்திலிருந்து ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். நேர்காணல் நடத்தும் துறைகளில் ஒன்றுகூட நேர்காணலுக்கு அழைக்கவில்லை என்றால், சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. பட்டியல் பொருந்தவில்லை, எஸ்ஓபியில் ஆராய்ச்சிக் கேள்வி இல்லாமல் ஆர்வம் மட்டும் இருக்கிறது, அல்லது ஒரு கடிதம் உதவவில்லை. இரண்டு மூன்று நேர்காணல் வரை போய் நின்றது என்றால் காகிதம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. சொந்த வேலையை விளக்கும்போது எங்கே தடுமாறினோம் என்று பார்க்கலாம், அதிலும் எதுவும் அகப்படாவிட்டால் இடங்களின் எண்ணிக்கைதான் காரணமாக இருக்கும். வெயிட்லிஸ்டில் நின்று கடைசியில் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் பெரிதாக எதையும் மாற்றாமல் மறுபடி அனுப்பலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது, இரண்டாம் சுற்றில் சேர்கிறவர்கள் ஏராளம். என்ன காரணம் என்று துறைக்கு எழுதிக் கேட்கலாமா என்றால் கேட்கலாம். பெரும்பாலும் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். உங்களுக்குத் தெரிந்த, உங்கள் துறையில் இருக்கும் ஒருவரிடம் முழு விண்ணப்பத்தையும் கொடுத்து இரக்கம் காட்டாமல் படிக்கச் சொல்வது அதைவிட எத்தனையோ மேல்.

வெயிட்லிஸ்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஏப்ரல் 15. அமெரிக்கப் பட்டதாரிப் பள்ளிகளின் கவுன்சில் கொண்டுவந்த உடன்பாட்டின்படி, அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு கொடுத்த அழைப்புக்கு இந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மூன்று அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாள்வரை யோசிக்கிறவர்களால்தான் மற்றவர்களின் பட்டியல் நகராமல் கிடக்கிறது. போகப் போவதில்லை என்று மார்ச்சிலேயே தெரிந்த இடத்துக்கு அன்றைக்கே இரண்டு வரி எழுதி விட்டுக்கொடுத்தால், அந்த வாரமே இன்னொருவருக்கு அழைப்பு போகும். காத்திருப்பவர் பக்கம் செய்ய வேண்டியது, மார்ச்சில் ஒரே ஒரு மின்னஞ்சல்: இன்னும் வர விருப்பம் இருக்கிறது, இடையில் இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டது, அழைப்பு வந்தால் விரைவாகப் பதில் சொல்வேன். உண்மையாகவே அதுதான் முதல் விருப்பம் என்றால் அதையும் எழுதலாம், இரண்டு இடத்துக்கு அப்படி எழுத வேண்டாம், பேராசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். பட்டியல் வேகமாக நகர்வது அந்தக் கடைசி மூன்று நான்கு நாளில். 14ஆம் தேதி மாலை போன் வந்தால் மறுநாளுக்குள் பதில் கேட்பார்கள், அந்தப் பதற்றத்தில் யோசிக்க நேரம் இருக்காது. அதனால் எத்தனை வருட நிதி, கோடை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது, கைடு மாறினால் என்ன ஆகும் என்ற நான்கு கேள்விகளை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், எந்தப் பதில் வந்தால் சரி சொல்வீர்கள் என்பதையும் பக்கத்திலேயே.